கேப்டன் ஹோல்மைத் தேடி வந்தவள்

என் கணவர் பிளாமெனின் முகத்தை யாரோ திருடிக்கொண்டு போய் ஐந்து வருஷமாகிறது. பணப்பை தொலைந்தால் புகார் கொடுக்கலாம், கார் தொலைந்தாலும் கொடுக்கலாம். முகம் போனால் எங்கே போய்ச் சொல்வது என்று விசாரித்து அலைந்ததிலேயே முதல் வருஷம் கழிந்தது. கடைசியில் தெரிந்துகொண்டது, எங்கேயும் சொல்ல முடியாது என்பதைத்தான்.

அவர் டான்யூப் ஆற்றில் சரக்குத் தோணிகளைத் தள்ளிக்கொண்டு போகும் எஞ்சின் படகுக்குக் கேப்டன். ஐம்பத்து நான்கு வயது, நரைத்த தாடி, உடம்பு கட்டு விடவில்லை. எங்கள் மகள் கலினா அவரைச் சீருடையிலும், எங்கள் நாய் பூச்சோவோடும், அடுப்படியில் மிளகாய் சுடும்போதும் படம் எடுத்துத் தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்தாள். அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். முதலில் ஒரு ஜெர்மன்காரி கலினாவுக்கு எழுதினாள். பிறகு பிரேசிலிலிருந்து ஒருத்தி. 'உன் அப்பாவை என்னோடு பேசச் சொல், என்ன தப்பு செய்தேன் என்று மட்டும் கேட்டுச் சொல்.' கலினா எல்லாப் படங்களையும் அழித்தாள். அழித்து என்ன பயன்? அவை அதற்குள் ஊர் ஊராகப் போய்விட்டன.

பொய்ப் பக்கங்களைக் கண்டுபிடித்து அந்த வலைத்தள நிறுவனத்துக்குப் புகார் அனுப்புவேன். 'எங்கள் விதிகளை மீறியதாகத் தெரியவில்லை' என்று பதில் வரும். ஒன்றை எடுத்தால் மறுநாள் இரண்டு முளைக்கும். போலீஸ் நிலையத்துக்கும் போனோம். அங்கிருந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு, உங்களுக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்டார். ஒன்றும் போகவில்லை என்றார் பிளாமென். போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

படகில் இருப்பவர்கள் இவரை 'உலக மாப்பிள்ளை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வரும் பக்கத்துத் தெரு ஸ்தோயங்கா, இருமல் மருந்துக்குக் காசு கொடுத்துக்கொண்டே, "நெருப்பில்லாம புகையுமா, ரதோஸ்தினா?" என்றாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் நான். அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அவர் எங்கே நாற்பது பெண்களுக்குக் காதல் கடிதம் எழுதுவது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

போன வருஷம் மே பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை. பிளாமென் முன்வாசல் இரும்புக் கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே பீன்ஸ் சூப்புக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பெண் குரல், "ஆண்டெர்ஸ்" என்றது. பிறகு, "மாக்ஸ், இங்க வாடா" என்றது. எட்டிப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும் ஒரு பெண், புதிதாகச் சாயம் போட்ட தலை, நல்ல காலணி, கையில் ஒரு பயணப் பை. பூச்சோவை நோக்கிக் கை நீட்டி 'மாக்ஸ், மாக்ஸ்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாய் அவளைப் பார்த்துவிட்டு வேலியோரம் போய்ப் படுத்துக்கொண்டது.

பெயர் வெனெதா. மலைப் பக்கம் கோர்னா லீபா என்ற சிற்றூர். இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். அவளுடைய கேப்டன் ஆண்டெர்ஸ் ஹோல்ம், டென்மார்க்காரன், அனுப்பிய படம் ஒன்றில் பின்னால் ஒரு மிதவை வளையம் தொங்கியிருக்கிறது. அதில் எங்கள் ஊர் பெயர், பெலோபிரெக் என்று, நம் பல்கேரிய எழுத்திலேயே. தனக்குத் தெரியாமல் பல்கேரியாவுக்கு வந்திறங்கி ஆச்சரியப்படுத்தப் பார்க்கிறான் என்று நினைத்திருக்கிறாள். நாமே முந்திப் போய் ஆச்சரியப்படுத்துவோம் என்று கிளம்பி வந்துவிட்டாள். துறைமுகக் காவலாளியிடம் படத்தைக் காட்டியிருக்கிறாள். அவனும் வீட்டுக்கு வழி சொல்லியிருக்கிறான்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் அவள் முகம் மாறியது.

"ஆண்டெர்ஸ், இவங்க யாரு?"

"அம்மா, நான் ஆண்டெர்ஸ் இல்ல. என் பேரு பிளாமென். இவ என் பெண்சாதி. உங்கள யாரோ ஏமாத்தியிருக்காங்க."

பல்கேரிய மொழியில் அவர் தங்குதடையில்லாமல் பேசியதே அவளுக்கு இடி போல இருந்திருக்கும். ஆனால் அவள் எடுத்துக்கொண்டது வேறு மாதிரி. என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. கல்யாணம் ஆனவருன்னு இவரு சொல்லவே இல்ல."

பிளாமென் உள்ளே ஓடிப் போய் அடையாள அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு, "பேரக்கூட மாத்திச் சொல்லியிருக்கீங்க" என்றாள். கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். அதைப் பார்த்து அழுதாள். நாங்கள் காட்டுகிற ஒவ்வொன்றும் அவர் பொய்யன் என்பதற்கே சாட்சியாகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. பிளாமென் கழுத்து வரைக்கும் சிவந்துபோய், வண்ணம் சொட்டும் தூரிகையைப் பிடித்தபடி நின்றார்.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவனுக்கு இப்போதே எழுதுங்கள், எங்கே இருக்கிறாய் என்று கேளுங்கள் என்றேன். அவள் போனை எடுத்து அடித்தாள். மூவரும் காத்திருந்தோம். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அவள் கையிலிருந்த போன் கிணுகிணுத்தது. 'ரோட்டர்டாம் துறைமுகத்தில் இருக்கிறேன், என் ராணி. மழை பெய்கிறது. நீ சாப்பிட்டாயா?'

அவள் போனைப் பார்த்தாள், பிளாமெனைப் பார்த்தாள். "இவரு பாக்கெட்டுல வேற போன் இருக்கா?" என்று என்னைக் கேட்டாள். பிளாமென் கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். கொஞ்சம் சூரியகாந்தி விதையும் ஒரு திருகாணியும் விழுந்தன. இன்னொரு தரம் எழுதச் சொன்னேன். எழுதினாள். இன்னொரு தரம் பதில் வந்தது, அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. பிறகு அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு இரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் இருந்தது. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்து, அரை மணி நேரம் கட்டிலில் படுக்கவைத்தேன். பிறகு சூப் கொடுத்தேன். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள், வாயில் போடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

குழாய்த் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்திருக்கிறார். எல்லாம் இவள்தான். தம்பி ஸ்பெயினில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான். அம்மா போன மறு மாதம் ஆண்டெர்ஸ் எழுதியிருக்கிறான். காலையில் எழுந்ததும் ஒன்று, மத்தியானம் ஒன்று, படுக்கும்முன் ஒன்று. எழுத்தில் தப்பு நிறைய இருந்ததாம். சில இடத்தில் தன்னைப் பற்றியே பெண்பாலில் எழுதுவானாம்.

"வெளிநாட்டுக்காரர், பாவம், நமக்காகக் கஷ்டப்பட்டு நம்ம பாஷையில எழுதுறாருன்னு நெனச்சேன்" என்றாள்.

அம்மாவின் வீட்டுமனையை விற்ற பணம் முழுதும் போயிருந்தது. கப்பல் பிடிபட்டது, அபராதம், ஆஸ்பத்திரி, வழக்கமான கதைதான். பிளாமென் எழுந்து போய் ஜன்னலருகில் நின்றார். அவருக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. அப்போது அவள் சட்டென்று, அவன் திருடன் மட்டும் இல்லை, எனக்கும் பணம் அனுப்பியிருக்கிறான் என்றாள்.

எப்படி என்று கேட்டேன். வெளிநாட்டிலிருந்து அவள் கணக்குக்குப் பணம் வருமாம். கப்பல் நிறுவனம் கொடுக்கும் சம்பளம், தன் கணக்கு முடங்கிக் கிடக்கிறது என்று சொன்னானாம். இவள் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவன் சொல்லும் வேறு கணக்குகளுக்கு மாற்றிவிடுவாளாம். நாலைந்து தடவை நடந்திருக்கிறது.

நான் கேட்டேன்: "அக்கா, அந்தப் பணம் யாரு அனுப்புனதுன்னு பேர் இருந்திருக்குமே?"

"ஏதோ ஒரு பொம்பள பேரு. கணக்கு எழுதுற அம்மான்னு நெனச்சேன்."

பிளாமென் திரும்பிக் கத்திவிட்டார். கோபம் அவள்மேல் இல்லை, ஆனால் கேட்டது அவள்தானே. அது உங்களைப் போல இன்னொருத்தி என் மூஞ்சியைப் பார்த்து அனுப்பிய பணம், திங்கட்கிழமையே போலீசுக்குப் போங்கள் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள். பேருந்தில் ஏற்றிவிட்டபோது பையிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்தாள். அவளே பின்னியது. கடல் நீல நிறம். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் போகவில்லை. செவ்வாய் சாயந்திரம் நான்தான் கூப்பிட்டேன். குரல் தெளிவாக, கிட்டத்தட்டச் சந்தோஷமாக இருந்தது.

"அவன் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாம்மா. படம் அவனோடது இல்லையாம். பேரு டேனியலாம், இருபத்தேழு வயசாம். அவன அடைச்சு வச்சு இந்த வேலைய வாங்குறாங்களாம். ஆனா எங்கிட்ட பேசுனது மட்டும் நெசம்னு சொல்றான். இன்னும் ரெண்டு தடவ நான் உதவுனா வெளிய வந்துருவானாம்."

"அக்கா, உங்க கணக்குக்கு வர்ற பணம் இன்னொரு பொம்பளையோடது."

"அது எனக்குத் தெரியாதே."

"இப்ப நான் சொல்றேனே."

"நீங்க சொல்றீங்க. அவனும் சொல்றான்."

என்ன சொல்லியும் எடுபடவில்லை. திட்டினேன், கெஞ்சினேன். கடைசியில், "நீங்க வீட்டுக்காரரோட இருக்கீங்க, உங்களுக்குப் புரியாது" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை.

இப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர்ப் போலீசில் சொன்னேன். பணம் இழந்தவர்தான் வரவேண்டும் என்றார்கள். அவள் ஊர் நிலையத்துக்குப் போன் செய்தேன். எழுத்து மூலம் அனுப்புங்கள் என்றார்கள். ஜூன் மூன்றாம் தேதி, மருந்துக்கடையில் மத்தியான வேளையில் உட்கார்ந்து, இரண்டு பக்கம் எழுதினேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது, எங்கள் கண் முன்னால் உண்மை வெளிப்பட்டது, அவள் கணக்கு வழியாக மற்றவர்களின் பணம் போவதை நாங்கள் அவளுக்கு விளக்கியது, பிறகும் அவள் நிறுத்தவில்லை என்று நான் அஞ்சுவது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினேன். தயவுசெய்து யாராவது போய் அவளைத் தடுத்து நிறுத்துங்கள் என்று முடித்தேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. இரண்டு முறை போன் செய்து கேட்டேன். கடிதம் வந்து சேர்ந்தது, பார்வையில் இருக்கிறது என்றார்கள்.

அக்டோபரில் பிளாமெனுக்குச் சாட்சி சம்மன் வந்தது. நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். ஸ்லோவேனியாவில் ஒரு நர்ஸ், பிளாமெனின் முகத்தை லூக்காஸ் என்ற டாக்டர் என்று நம்பிப் பணம் அனுப்பியிருக்கிறாள். ஏமாந்தது தெரிந்ததும் அவள் நேராகப் போலீசுக்குப் போய்விட்டாள். பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் கோர்னா லீபாவில், மூன்றாம் மாடியில், தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் இந்த மோசடிக்காகக் கைதான ஒரே ஆளை நான் பார்த்திருக்கிறேன். அது வெனெதா.

விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர்தான். பிளாமெனின் படங்களை மேசையில் பரப்பி, இது நீங்களா, இது நீங்களா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். முப்பத்தொரு பெயர்களில் அந்த முகம் இருந்தது. டாக்டர், பொறியாளர், ராணுவ அதிகாரி, ஒரு பாதிரியார்கூட. இவற்றையெல்லாம் எடுத்துவிடுவீர்களா என்று கேட்டேன். அது எங்கள் துறை இல்லையம்மா என்றார். எழுதிய ஆளைப் பிடித்தீர்களா என்று கேட்டதற்கு, அந்த எண் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு நாட்டைக் காட்டுகிறது என்றார்.

பிறகு கோப்பைப் புரட்டினார். என் கடிதம் அதில் இருந்தது. ஜூன் ஆறாம் தேதி முத்திரை. பக்கத்தில் பென்சிலில் 'பார்வைக்கு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, அண்மையில் வேறு யாரோ சிவப்பு மையால் இரண்டு வரிகளுக்கு அடிக்கோடு போட்டிருந்தார்கள். அவள் கணக்கு வழியாக மற்றவர்களின் பணம் போவதை நாங்கள் விளக்கினோம் என்ற வரியும், அதற்கு அடுத்த வரியும்.

நர்ஸின் பணம் வந்தது ஜூன் பன்னிரண்டாம் தேதி. வெனெதா அதை மாற்றிவிட்டது பதின்மூன்றாம் தேதி.

எனக்கு உடனே புரியவில்லை. வெளியே நடையில் அவளுக்கு அரசு நியமித்த வக்கீல், சின்னப் பெண், என்னைத் தேடி வந்து புரியவைத்தாள்.

"அந்தக் கடிதம் இல்லன்னா, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்களே ஏமாந்தவங்கன்னு சொல்லி வெளிய கொண்டுவந்திருப்பேன். நல்ல மனசோடதான் எழுதியிருக்கீங்க, தெரியுது. ஆனா அரசுத் தரப்புக்கு இதவிட நல்ல சாட்சி கெடைக்காது."

நான் திரும்ப உள்ளே போனேன். பிளாமென் கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

"கடிதம் ஜூன் ஆறாந்தேதி வந்திருக்கு. பன்னெண்டாந்தேதிக்கு முன்னாடி ஆறு நாள் இருந்துச்சு. ஒருத்தர் போய் அவங்க கதவத் தட்டியிருந்தா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புகார் கொடுக்காத ஒருத்தர் வீட்டுக்கு நாங்க எப்படிம்மா போறது?"

"இப்பப் போனீங்களே."

அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். நானும் போட்டேன். வேறென்ன செய்ய?

வழக்கு இழுக்கவில்லை. வக்கீல் சொன்னபடி வெனெதா குற்றத்தை ஒப்புக்கொண்டாள். டிசம்பரில் ஒரே நாளில் முடிந்தது. எட்டு மாதச் சிறை, ஆனால் உள்ளே போக வேண்டியதில்லை, மூன்று வருஷம் ஒழுங்காக இருந்தால் போதும். நர்ஸின் பணத்தை ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் கட்ட வேண்டும். அவளுடைய சொந்தப் பணம் போனதற்குத் தனிக் கோப்பு ஒன்று திறந்து, குற்றவாளி அடையாளம் தெரியாததால் நிறுத்திவைக்கப்படுகிறது என்று ஒரு தாள் கொடுத்தார்கள்.

நீதிமன்ற நடையில் அவளைப் பார்த்தேன். தலைச்சாயம் வெளுத்துப் பாதி நரையாக இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள். எனக்குப் பின்னால் நின்ற பிளாமெனைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"அவரக் கொஞ்சம் அந்தப் பக்கமாப் பாத்து நிக்கச் சொல்லுங்கம்மா. அவர் மேல தப்பில்ல. எனக்குத்தான் இன்னும் பழகல."

பிளாமென் சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த தீத்தடுப்பு அறிவிப்பைப் படிப்பது போல நின்றார். தண்டனை பெற்ற பள்ளிக்கூடப் பையனைப் போல, நாங்கள் பேசி முடிக்கும்வரை, கால் மணி நேரம்.

கடிதத்தைப் பற்றி நானே சொன்னேன். அதனால்தான் இப்படி ஆயிற்று, நான் நினைத்தது வேறு என்றேன். தெரியும், வக்கீல் படித்துக் காட்டினாள் என்றாள்.

"கோவமா, அக்கா?"

"இருந்துச்சு. ரெண்டு மாசம் உங்களத் திட்டிக்கிட்டேதான் இருந்தேன். அவனத் திட்ட வாய் வரல, உங்களத் திட்ட நல்லா வந்துச்சு." பிறகு சொன்னாள், "அந்த ஸ்லோவேனியாக்காரி அழுதுக்கிட்டே சொன்னத மொழிபெயர்த்து வாசிச்சாங்க. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணுன்னு அவளுக்கும் எழுதியிருக்கான். வார்த்த மாறாம. அதக் கேட்டப்பதான் அந்த மயக்கம் விட்டுச்சு. நீங்க சொன்னப்பக்கூட விடல."

பசிக்கிறது என்றாள். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சின்ன கிரில் கடை இருந்தது. மூவரும் போனோம். அவளும் நானும் ஒரு பக்கம், பிளாமென் அவளுக்கு எதிரில் வராதபடி மூலையில். அவள் மூன்று கறியுருண்டையும் ஒரு தட்டு வறுத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கேட்டிருப்பதாகவும், தண்டனை இருப்பதால் கொடுப்பார்களோ என்னவோ என்றும் சொன்னாள். தம்பிக்கு இன்னும் தெரியாதாம். நீங்களே சொல்லிவிடுங்கள், வேறு யாராவது சொல்வதற்கு முன் என்றேன். தலையாட்டினாள். செய்வாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அவளை வீட்டில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பியபோது பனி விழ ஆரம்பித்திருந்தது. மலைப் பாதை இறங்கி முடிந்து சமவெளி வந்ததும் பிளாமென் கேட்டார்.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா, அந்தக் கடிதத்த எழுதியிருப்பியா?"

"எழுதியிருப்பேன்" என்றேன். சொன்ன பிறகு அது சரிதானா என்று தெரியவில்லை. எழுதாமல் இருந்திருந்தால் வெனெதா தப்பித்திருப்பாள், அடுத்த நர்ஸ் யாரோ மாட்டியிருப்பாள். எழுதியதாலும் அந்த நர்ஸ் தப்பிக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கணக்கு இடித்தது.

"தேதி போட்டிருக்க வேண்டாம்" என்றார் அவர்.

"ரோட்டப் பாத்து ஓட்டு, பிளாமென்" என்றேன்.